மெருகுக்கு முன் ஓர் எண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மேசையில் தாள்களின் மேல் கூழாங்கற்கள் இருக்கும் புகைப்படத்தைப் பார்த்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு 44 வயது. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காரும் வேலை. கண்ணுக்கும் முதுகுக்கும் ஓய்வு கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னதால் நடக்கத் தொடங்கினேன். நடக்கும்போது கல் பொறுக்க ஆரம்பித்து, இப்போது கல்லை உருளைக்குள் போட்டு உருட்டி மெருகேற்றும் சிறிய டம்ளர் இயந்திரம் ஒன்று வாங்கும் அளவுக்கு வந்துவிட்டேன். கூட வந்த கையேட்டில் சொன்னபடி நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு வாரம் என்று சரியாக 28 நாள் ஓட்டினேன். ஈரமாக எடுத்தபோது கண்ணைப் பறித்தது. துடைத்து வைத்த பத்து நிமிடத்தில் எல்லாம் மங்கிவிட்டது. சிலவற்றின் மேல் நகம் பட்டது போல வெள்ளை வெள்ளையாகப் பிறைகள். சில பாதியாகக் கரைந்தே போய்விட்டன.

எங்கே தவறினேன்? அதிர்வில் ஓடும் இயந்திரம் வாங்கினால் சரியாகுமா? இரவெல்லாம் கடகடவென்ற சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. நண்பர் ஒருவர் கற்களுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு, மெருகேறிய கல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொள் என்கிறார். உண்மையா? இந்த வயதில் இது சிறுபிள்ளைத்தனம் என்று மகள் சிரிக்கிறாள். எந்தக் கல்லை எங்கே எடுத்தேன் என்றுகூட நினைவில்லை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன், அப்படியொரு பித்து. ஆனால் ஒன்று புரிகிறது. நம்மையும் வாழ்க்கை இப்படித்தானே உருட்டி உருட்டி மெருகேற்றுகிறது?

அன்புடன்,
இரா.

அன்புள்ள இரா.,

உங்கள் கடைசி வரியை முதலில் அடித்துவிடுங்கள். கல்லைப் பற்றி எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த வரியில் வந்து விழுகிறார்கள். நானும் இருபத்தைந்து வயதில் விழுந்தவன்தான். விழுந்ததோடு நிற்காமல் அச்சிலும் ஏற்றினேன். இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் உடம்பு கூசுகிறது. கல்லைத் தேய்ப்பது சிலிக்கன் கார்பைடு பொடி. அந்தப் பொடிக்கு உங்கள் துன்பங்கள் ஈடாகாது. கல்லை உவமை வேலைக்கு அமர்த்தாமல் சும்மா விட்டால்தான் அது சொல்வது காதில் விழும்.

சில கேள்விகளை நின்றபடியே முடித்துவிடலாம். கல்லுக்கு எடை உண்டு, கடினம் உண்டு, நிறம் உண்டு. நோய் தீர்க்கும் சக்தி கிடையாது. நோய் கொடுக்கும் சக்தி வேண்டுமானால் சிலவற்றுக்கு உண்டு. சாதிலிங்கத்தில் பாதரசம், கலீனாவில் ஈயம், பச்சை மாலகைட்டில் செம்பு. பேர் தெரியாத எதையும் உருளைக்குள் போடாதீர்கள். சாதுவான வெங்கச்சாங்கல்கூட உலர்ந்த தூளாக மூச்சில் போனால் நுரையீரலில் வடுவாகித் தங்கும். அதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். ஆகவே எல்லா வேலையும் ஈரத்திலேயே. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார்.

அதிர்வு இயந்திரம் இப்போது வேண்டாம். அது வேகமானது. வாரக் கணக்கை நாள் கணக்காக்கும், ஆனால் கல்லின் வடிவத்தை அதிகம் மாற்றாது. முனை மழுங்கிய உருண்டை வேண்டுமென்றால் உருளும் இயந்திரம்தான். மகள் சிரித்தால் சிரிக்கட்டும், வீட்டில் ஒருவராவது சிரிப்பது நல்லதுதான்.

சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று பேசவேண்டிய விஷயம். உங்கள் வீட்டார் தூங்காததற்கும் கல்லில் பிறை விழுந்ததற்கும் காரணம் ஒன்றே. உருளையைப் பாதிக்கும் குறைவாக நிரப்பியிருக்கிறீர்கள். முக்கால் அளவுக்கு, குறைந்தது மூன்றில் இரண்டு பங்குக்காவது கல் இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வழுக்கும். சரசரவென்று ஒரே சீராகக் கேட்கும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஏறி தொப்பென்று விழும். குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சாங்கல், கடினமானதே தவிர அடி தாங்காது. விழுந்த இடத்தில் உள்ளுக்குள் சிறு விரிசல் ஓடும், அதுதான் நீங்கள் பார்த்த வெள்ளைப் பிறை. கல் போதவில்லையென்றால் இதற்கென்றே விற்கும் பீங்கான் உருண்டைகளைப் போட்டு நிரப்புங்கள். கையேட்டைக் கண்ணால் படித்தீர்கள், இயந்திரத்தைக் காதால் கேட்கவில்லை.

பாதி கரைந்தவற்றைப் பற்றி. 1812இல் பிரெடரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பதுதான் அந்த வரிசை. ஒன்றில் மாவுக்கல் வகையான டால்க், பத்தில் வைரம். நம் நகம் இரண்டரை, செம்பு மூன்று, கத்தியும் கண்ணாடியும் ஏறக்குறைய ஐந்தரை, குவார்ட்ஸும் அதன் உறவினர்களான அகேட், ஜாஸ்பரும் ஏழு. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் வெறும் மூன்று. மூன்றையும் ஏழையும் ஒரே உருளையில் ஒரு மாதம் சேர்த்து உருட்டினால் மூன்று என்ன ஆகும்? ஒவ்வொரு கல்லையும் கத்திமுனையால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் ஒரு குவியல், விழாவிட்டால் இன்னொரு குவியல். ஒரு சொட்டுக் காடி விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புச் சாதி. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். நீங்கள் 28 நாள் செலவழித்தீர்கள்.

மங்கல் வேறு கதை. ஈரமான கல்லை நம்பவே கூடாது. கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கின்றன. வெளிச்சம் அந்தக் குழிகளில் பட்டுத் தாறுமாறாகச் சிதறுவதால்தான் மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் குழிகளை நிரப்பிவிடும். ஒளியை வளைக்கும் அளவு காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, குவார்ட்ஸுக்கு 1.54. காற்றிலிருந்து கல்லுக்கு ஒரே தாவாகத் தாவாமல் நடுவில் ஒரு படி கிடைப்பதால் சிதறல் குறைந்து உள்நிறம் எழுந்து வருகிறது. ஆற்றில் பார்த்து ஆசைப்பட்டு எடுத்த கல் வீட்டுக்கு வந்ததும் சாம்பல் பூசிக்கொள்வது இதனால்தான். மெருகு என்பது அந்தக் குழிகளை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோவது. முதல் கட்டத்தில் போடும் 60ஆம் எண் பொடியின் துணுக்கு கால் மில்லிமீட்டர். அங்கிருந்து இங்கே வரை இறங்கத்தான் நான்கு படிகள்.

ஒரு படியில் விழுந்த கீறலை அதே படியில் போக்க வேண்டும். அடுத்த படியின் பொடி அதைவிட நுண்ணியது. ஆழமான கீறலை அது எட்டாது, சுற்றிலும் தடவிக்கொண்டிருக்கும். முதல் வாரம் முடிந்ததும் நீங்கள் நாள்காட்டியைப் பார்த்து மாற்றினீர்கள். கல்லைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்து மாற்ற வேண்டும். என் கற்களில் சில முதல் கட்டத்திலேயே ஐந்து வாரம் கிடந்திருக்கின்றன. பிறகு சுத்தம். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பெரும்பொடித் துணுக்கு, ஒரு விரிசலில் ஒளிந்து வந்தால் போதும், உருளை முழுவதையும் கீறிவிடும். விரிசல் உள்ள கல்லை ஒதுக்குங்கள். மூடியின் விளிம்பு வரை பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். அந்தச் சேற்றைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமெண்டாக இறுகும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் மகள்கூடச் சிரிக்கமாட்டாள்.

(டம்ளர் என்றால் நமக்குத் தண்ணீர் குடிக்கும் பாத்திரம். அதுவும் இதுவும் ஒரே சொல்தான். அந்தக் காலத்துக் குவளைக்கு அடி தட்டையாக இருக்காதாம், கீழே வைத்தால் உருண்டுவிடும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள்.)

இவ்வளவும் கையேட்டில் இருக்கும் சரக்கு. இதற்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரி என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. எங்கே எடுத்தேன் என்று நினைவில்லை, எல்லாம் ஒரே பையில். அதைச் சொல்லிவிட்டுப் பித்து என்று செல்லம் வேறு கொஞ்சுகிறீர்கள். அது பித்தில்லை ஐயா, சோம்பல். மன்னிக்க வேண்டும், இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்கிறேன்.

என் அத்தை முப்பது வருடம் கல் சேர்த்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. அவள் சொல்லிக்கொடுத்தது கணக்கு, கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முப்பது வருடத்தில் அவள் சேர்த்தது 62 கற்கள்தான். வருடத்துக்கு இரண்டு. உங்கள் பையில் ஒரே மாதத்தில் அதைவிட அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கல்லின் அடியிலும் மிளகளவு வெள்ளைப் பெயிண்ட் வைத்து, அது காய்ந்ததும் கறுப்பு மையில் எண் எழுதுவாள். எண்ணுக்கு நேராக ஒரு நோட்டில் மூன்று நான்கு வரிகள். அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் அலமாரியை ஒழித்தபோது மறுபடி கையில் கிடைத்தது, அதே வாரத்தில் உங்கள் கடிதம்.

சிலவற்றைத் தருகிறேன்.

"17. பழைய பாலம், மூன்றாவது தூணுக்கு அடியில். வெள்ளம் வடிந்த மறுநாள். போன வாரம் இங்கே வெறும் மணல்தான் இருந்தது."

"23. கிணறு வெட்டிய இடம். நாற்பதடியில் வந்தது. மேலே எந்த மண்ணிலும் இந்த நிறம் இல்லை."

"38. மழைக்கு ஒதுங்கிய இடத்தில். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை."

"41. ரயில் தண்டவாளத்து ஜல்லி. இந்தப் பக்கத்துப் பாறை இல்லை. எங்கிருந்தோ வண்டியேறி வந்திருக்கிறது. எங்கிருந்து?"

"52. இதன் பக்கத்தில் காந்த ஊசி ஆடுகிறது."

கணக்கு டீச்சரின் எழுத்து. தேவையில்லாமல் ஒரு சொல் இல்லை. நான் எழுத வந்த பிறகு பல வருடம் கழித்துத்தான் 41ஆம் எண்ணில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல் கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் அத்தை ஆறு வாரம் வெளியூர் போகவேண்டி வந்தது. அவள் திரும்பி வரும்போது ஏதாவது செய்து அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னை வளர்த்தவள். பழைய சலவை இயந்திரத்தின் மோட்டார், இரண்டு இரும்புத் தண்டு, உட்புறம் டயர் டியூப் ஒட்டிய தகர டப்பா, வேகத்தைக் குறைக்க ஒரு பெரிய கப்பி. பொடிக்கு என்ன செய்வது என்று அலைந்தபோது எஞ்சின் வால்வு தேய்க்கும் பட்டறையில் கார்போரண்டம் கிடைத்தது. சிலிக்கன் கார்பைடுக்குத்தான் அந்தப் பெயர். எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர் செயற்கையாக வைரம் செய்யப் போய், களிமண்ணையும் கரியையும் மின்சூட்டில் வறுத்தபோது கிடைத்தது அது. 1893இல் காப்புரிமை வாங்கினார். வைரத்துக்குச் சற்றே கீழே நிற்கும் கடினம். குவார்ட்ஸ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைப் பெயிண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

62 கல்லையும் உள்ளே போட்டேன். முதல் வாரம் டப்பாவைத் திறந்தபோது சேற்றில் வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

மெருகு அற்புதமாக வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். அடுக்கடுக்காக வளையம் ஓடிய ஓர் அகேட், ஈரல் நிறத்தில் ஜாஸ்பர், உள்ளே மூடுபனி தேங்கியது போன்ற வெங்கச்சாங்கல். அத்தையின் மரத்தட்டில் நிறவாரியாக, வெளுப்பிலிருந்து கறுப்பு வரைக்கும் அடுக்கி வைத்தேன்.

அவள் வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் தட்டுக்கு முன்னால் நின்றாள். ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் புரட்டி அடிப்பக்கம் பார்த்தாள், பழக்கம். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதையும் புரட்டினாள். நான்காவது கல்லைப் புரட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தனை நாள்டா ஓட்டினே?"

"நாற்பது நாள் அத்தை."

"நல்லா வந்திருக்கு" என்றாள். கை கால் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் கல் பொறுக்கினாள். ஆனால் 63 என்று எழுதவில்லை. புது நோட்டு வாங்கி 1 என்று தொடங்கினாள்.

அவள் போன பிறகு நான் அந்தக் கற்களையும் நோட்டையும் சேர்த்துவைக்கப் படாத பாடு பட்டிருக்கிறேன். 62 போட்டேன், 58தான் வெளியே வந்தன. நான்கு கல் சேறாகிவிட்டது. நோட்டில் "காடி பட்டு நுரைத்தது" என்று நான்கு எண்களுக்கு நேராக எழுதியிருக்கிறாள்: 6, 19, 20, 44. ஆக எவை எவை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த கற்கள், இன்று இல்லாத அந்த நான்கும்தான். மிச்சத்தில் காந்த ஊசியை வைத்து 52ஐக் கண்டுபிடித்தேன். "ஒன்பது வளையம்" என்று குறித்த அகேட்டைத் தேடினேன். ஏழு வளையத்தில் ஒன்று, ஆறு வளையத்தில் ஒன்று இருக்கின்றன. வெளி வளையங்கள் தேய்ந்து போயிருக்கும் அல்லவா, இரண்டில் எது? எடை குறித்திருந்தாள், ஆனால் எல்லாமே எடை குறைந்துவிட்டன. அடர்த்தி மாறாதே என்று ஒரு நாள் பொறி தட்டியது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோட்டேன். அவள் குறித்த எடைக்கும் அளவுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பொருத்தினேன். பெரும்பாலானவை தண்ணீரைப்போல 2.65 மடங்குக்குப் பக்கத்திலேயே நின்றன. குவார்ட்ஸ் எங்கே பிறந்தாலும் 2.65தான். கிணற்றின் நாற்பதடியில் வந்தது எது, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது எது என்று தராசு சொல்லுமா?

நான் ஒன்றும் ஆராய்ச்சியாளன் இல்லையே, ஏதோ பொழுதுபோக்கு என்று முனகுவீர்கள். அத்தையும் ஆராய்ச்சியாளர் இல்லை. நிலவுக்குப் போனவர்களும்கூட பெரும்பாலும் விமானிகள்தான். 1969 முதல் 1972 வரை ஆறு பயணங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். கைக்கு எட்டியதை அள்ளிப் பையில் போட்டார்களா என்ன? நிழலையும் அளவையும் காட்ட ஒரு சிறு கோலைப் பக்கத்தில் நிறுத்தி, எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் அந்த வெற்றிடத்தின் படம், பிறகு எண் போட்ட தனிப்பை. 1971 ஆகஸ்ட் 1 அன்று அப்போலோ 15இல் போன ஸ்காட்டும் இர்வினும் எடுத்த வெளுத்த கல்லுக்கு 15415 என்று எண். 400 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல். மூச்சுக்காற்றை எண்ணிக்கொண்டு நின்றவர்களுக்கே அதற்கு நேரம் இருந்தது. காலையில் நடக்கப் போகும் உங்களுக்கு நேரமில்லையா?

அரிசோனாவில் மரங்களே கல்லாகிப்போன ஒரு காடு இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1906 முதல் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து துண்டு எடுப்பது குற்றம். ஆனாலும் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். போனவர்களில் சிலர் வருடங்கள் கழித்து மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதம் எழுதி, துண்டைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். வந்த துண்டைக் காட்டில் திரும்ப வைக்க முடியாது. எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாமல் எங்கேயாவது வைத்தால், பின்னால் ஆராய வருபவரை அது ஏமாற்றிவிடும். ஆகவே உள்சாலை ஒன்றின் ஓரத்தில் குவித்துப் போட்டிருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல் என்று பெயர். அது தன் காட்டுக்குள்தான் கிடக்கிறது, இருந்தும் அதற்கு இடம் இல்லை. அந்தக் குவியலைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அத்தையின் மரத்தட்டுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். கல்லின் மேல்தோல் இருக்கிறதே, மழையும் வெயிலும் தின்று நிறம் மாறிய அந்தத் தோல், அதில்தான் அது கிடந்த இடம் எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் அந்தப் பக்கம் வெகுநாள் வெயிலைப் பார்த்திருக்கலாம். எல்லா முனையும் மழுங்கியிருந்தால் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது, கூர்மையாக இருந்தால் பாறை பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. 2012இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில் உருண்டைக் கூழாங்கற்களைப் படமெடுத்து அனுப்பியது. காற்று தூக்கிப் போக முடியாத அளவுக்குப் பெரியவை. அந்த அளவையும் உருட்சியையும் வைத்து, அங்கே ஒரு காலத்தில் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஆழமுள்ள தண்ணீர் ஓடியிருக்கிறது என்று சொன்னார்கள். யாருமே போகாத ஓர் இடத்தின் ஆற்றைக் கூழாங்கல் சொல்லிவிட்டது. உங்கள் மேசையில் ஓடும் இயந்திரம் ஒரு பொய் ஆறு. உள்ளே போன கல்லின் மேல் எழுதியிருந்ததை அழித்துவிட்டுத் தன் கதையை எழுதிவிடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் இன்றுவரை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அழிப்பதற்கு முன்னால் படித்துவிடு என்றுதான் கத்துகிறேன். அழகாக வராத கற்களை ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டும் பழக்கமும் வேண்டாம். ஐம்பது வருடம் கழித்து ஒரு பிள்ளை அதை எடுத்துப் பார்த்துக் குழம்பும்.

செய்யவேண்டியது பெரிய வேலையும் இல்லை. கல்லை எடுக்கும் இடத்திலேயே கைப்பேசியில் இரண்டு படம், கிடந்த கிடையில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. இடம் பதியும் வசதியை இயக்கி வைத்தால் இடக்குறி தானாகப் பதிந்துவிடும். அத்தைக்கு அந்த வசதி இல்லை, அடி எண்ணி எழுதினாள். ஆனால் படம் மட்டும் போதாது, இரண்டு வரி கையால் எழுதுங்கள். படம் எடுத்தவனுக்கு 38ஆம் எண்ணில் இருக்கும் சந்தேகம் வராது. வீட்டுக்கு வந்ததும் பெயிண்ட், மை, மேலே ஒரு பூச்சு நிறமற்ற வார்னிஷ். ஒரே இடத்தில் எடுத்தவை ஒரே உருளையில் போகட்டும், இரண்டு இடத்தைக் கலக்காதீர்கள். கல் போதாவிட்டால் பீங்கான் உருண்டை இருக்கிறது என்று முன்பே சொன்னேன். அப்படிச் செய்தால் எண் அழிந்தாலும் இடம் அழியாது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு கல்லை மட்டும் தேய்க்காமல் தோலோடு வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மற்றவற்றுக்குச் சாட்சி. இந்த முறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மரத்தட்டு முழுக்கக் கல் செலவாகியிருக்கிறது.

நீங்கள் கேட்டது மங்கல் பற்றி. எங்கேயோ வந்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்வதென்றால் முதல் கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள், உலர்த்திப் பாருங்கள், அவ்வளவுதான்.

அந்தப் புகைப்படத்தில் நீங்கள் பார்த்த கற்கள் அத்தையுடையவை. ஐந்து இருக்கும், எண்ணிப் பாருங்கள். வலது ஓரத்தில் கறுப்பாக இருப்பது 52. மற்ற நான்கும் எவை என்று எனக்குத் தெரியாது. அதில் ஒன்று 41ஆக இருக்கலாம்.

இன்று இரவே பையைத் தரையில் கொட்டுங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உங்களோடு நடக்க வந்தவளாக இருந்தால் உங்களைவிட அவளுக்கு நினைவிருக்கும், சின்னவர்களுக்கு இடம் மறக்காது. ஞாபகம் வருகிற வரைக்கும் எழுதுங்கள், வராததற்கு நேராகக் கோடு போடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். அது முடியும்வரை இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள், வீட்டிலும் தூங்கட்டும்.

அன்புடன்.